யாழ்ப்பாணத்தில் நான் வைத்த பூ

அமைதியைப் பற்றி நாலு பக்கக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். ஒரு வீட்டின் அமைதியைக் குலைக்க எனக்கு ஒரு முழம் பூ போதுமாக இருந்தது.

அந்தப் பரிசால்தான் பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளிக் குழுவோடு யாழ்ப்பாணம் போனேன். போருக்குப் பிறகு மக்கள் எப்படி எழுந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவரும் பயணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நானே. (சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரை எதிர்ப்பட்ட எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் அதைப் பைக்குள் வைத்தேன்.)

என்னையும் குழுவில் வந்த கடையநல்லூர் ரஹ்மத்தையும், தனியாக வாழும் ஓர் அம்மாவின் வீட்டில் தங்க வைத்தார்கள். கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட ஓர் இளைஞனின் படம். பூ இல்லை, பொட்டு இல்லை. எங்கள் ஊரில் இப்படித் தனியாக ஒரு படம் தொங்கினால் ஆள் உயிரோடு இல்லை என்று அர்த்தம். போரில் இறந்த மகன் என்று நானே முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை முற்றத்து நந்தியாவட்டையைப் பறித்துத் தொடுத்தேன். என் அம்மா பூ மார்க்கெட்டில் கூலிக்குப் பூக் கட்டுகிறவள். என் விரலுக்கும் அது பழக்கம்.

“என்னட்டி செய்யுத?” என்றாள் ரஹ்மத்.

“செத்தவுக படத்தை இப்படி வெறுமனே விடலாமாட்டி?”

“அவுகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வையி.”

“இதையெல்லாமா கேப்பாக? நீ சும்மா கெட.”

பூவைச் சாத்தினேன். நெற்றியில் குங்குமமும் வைத்தேன். (ஊதுபத்தியும் தேடினேன், நல்லவேளை, கிடைக்கவில்லை.) பிறகு பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

தேநீரோடு வந்த அந்த அம்மா தம்ளர்களை அப்படியே தரையில் வைத்தார்.

“என்ன பிள்ளை செய்து வச்சிருக்கிறீர்? அவன் செத்தவன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

நாலு பக்கம் எழுதியவள் அவசரமாகச் சரத்தைப் பிடித்து இழுத்தேன், அது கீழே விழுந்தது.

“அவனைப் பிடிச்சுக்கொண்டு போன ஆமிக்காரர் இன்னும் பதில் சொல்லயில்லை. மரணச் சான்றிதழ் தாறம் எண்டு வந்த அரசாங்க ஆக்களையே நான் திருப்பி அனுப்பினனான். நீர் பூவோட வந்து நிக்கிறீர்.”

முந்தானையால் குங்குமத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். கண்ணாடி முழுக்கச் சிவப்பு இழுவியதுதான் மிச்சம். நான் விம்மி அழுதேன். ரஹ்மத்தான் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். மூன்று பேரும் மாற்றி மாற்றித் துடைத்தோம். மகனின் முகம் தெளிந்த பிறகு, கீழே கிடந்த சரத்தை எடுத்து என் சடையில் செருகினார்.

“அழாதேயும். வடிவாத்தான் கட்டியிருக்கிறீர். நீர் வையும்.”

ஊருக்கு வந்து சொன்னதும் அப்பா கேட்டார்: “ஏட்டி, நீ சமாதானத்துக்குப் போனியா, சண்டை இழுக்கப் போனியா?” இன்றும் நான் எதிலாவது முந்திக்கொண்டு கை வைத்தால், “ரஹ்மத்துக்குப் போனைப் போடுங்க” என்கிறார்கள் வீட்டில்.

அந்த அம்மா பொங்கலுக்குப் பொங்கல் போனில் கூப்பிடுகிறார். “உங்கட மகள் செய்த வேலை தெரியுமோ?” என்று கதையை முதலிலிருந்து தொடங்குவார். என் அம்மாவும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், ஒருமுறைகூடத் தவறாமல் கேட்பாள்:

“பிள்ளை வந்துட்டானாக்கா?”

“இல்லை. இன்னும் வரயில்லை.”