தட்டிப் பார்த்த பம்பை

முதலில் தப்பு செய்தவன் டேனியல். என் மனைவி பட்டம்மாளின் தம்பி. காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் கூடம் வைத்திருக்கிறான். அவன் போட்ட முதல் அம்மன் பாட்டு கேசட்டுக்குப் பம்பை அடித்தவன் நான். அட்டையில் டீ வாங்கி வந்தவன் பேர் இருந்தது. என் பேர் இல்லை.

என் கை சாதாரணக் கையா? நான் அடித்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் சாமி வரும். ஒரு தரம் கண்டக்டருக்கே வந்தது.

அன்றைக்கே சபதம் போட்டேன். டேனியல் என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அவனுக்காக என் குச்சி தோலைத் தொடாது. ஆறு ஆடி போயிற்று. அவனும் வரவில்லை, குச்சியும் தொடவில்லை.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம், பட்டம்மாள் பம்பையைத் தூக்கி வந்து எதிரில் வைத்தாள்.

“மழைல தோலு தொங்கிப்போச்சிய்யா. வித்துடலாமா?”

“என் பம்பையா தொங்கிச்சி? கேளுடி!” பம்பைமேல் ஓங்கி ஒன்று வைத்தேன்.

“இருயா, சத்தம் அடங்கட்டும். ஒண்ணொண்ணா அடி. கலந்து அடிச்சா எந்தப் பக்கம் தொங்குதுன்னு எப்படித் தெரியும்?”

நியாயம்தான். ஒவ்வொன்றாக அடித்தேன். ஃபேன் நின்றது. கரண்டு போச்சு என்றாள். பக்கத்து வீட்டுத் தறியும் நின்றிருந்தது. சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

“இப்ப மெதுவா. நம்ம கல்யாணத்துல எங்கம்மாவப் பாத்துக்கினே அடிச்சியே, அந்த மாதிரி.”

பயந்து பயந்து அடித்தேன்.

“மாமா கைல முன்ன மாதிரி தெம்பு இல்லன்னு டேனியல் சொல்லிக்கினு இருந்தான்.”

அந்த அடியில் அலமாரி டம்ளர் கீழே விழுந்தது.

“டம்ளர் சத்தம் கலந்துபோச்சி. இன்னொரு வாட்டி அடிப்பியாம். டேனியல் இன்னா சொன்னான்னா...”

கடைசியில் அவளே ஒப்புக்கொண்டாள். “விக்க வேணாம்யா. நல்லாத்தான் இருக்குது.”

ஜெயித்த களைப்பில் தூங்கிவிட்டேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. கோயில் ஒலிபெருக்கியில் புதுப் பாட்டு. அசந்துபோய் நின்றேன்.

“யாருடி இந்தப் பம்பை? என்ன விட்டா இந்த ஊர்ல இப்படி அடிக்க ஆளு ஏது?”

“நீதான்யா.”

“நான் வாசிக்கவே இல்லையே!”

“இல்லதான். தட்டித்தானே பாத்த? சபதத்துக்கு ஒண்ணும் ஆவல. ஊறுகா ஜாடிங்க நடுவுல மைக்கு இருந்துச்சி.”

ஒவ்வொரு அடியையும் தனியாக வெட்டி, கீபோர்டில் கட்டைக்கு ஒன்றாக அடுக்கி, ஒரே ஃபைலாக மூட்டை கட்டியிருக்கிறார்கள். சவுண்ட்ஃபான்ட் என்று பேராம். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் நான் தயார். கட்டையை மெல்லத் தொட்டால் மாமியாருக்குப் பயந்த நான். அழுத்தினால் டேனியல்மேல் கோபமான நான்.

“உன் கோவம்தான்யா ரொம்ப நேரம் அதிருது. ஃபைல்ல பாதி இடம் அதுக்கே சரியாப் போச்சி.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரை ஃபைலை அடைத்துக்கொள்ளும் கோபம் இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

“அட்டையக் காட்டு,” என்றேன்.

சிடியின் அட்டையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தத் தடவை பம்பைக்குப் பேர் போட்டிருந்தான். கொட்டை எழுத்தில்.

‘பம்பை: பட்டம்மாள்.’

“கட்டைய அமுக்குனது நான்தானேயா?” என்றாள்.

மன்னிப்பு இன்னும் பாக்கி. இப்போது இரண்டு பேரிடமிருந்து. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையில் ஃபிளாஸ்க்கைத் திணித்தாள்.

“உன் பேரும் அட்டைல வரணும்னா ஒரு வழி இருக்குது. டேனியலுக்கு டீ வாங்கியாற ஆளு இல்லையாம்யா.”