ஒரு விமானப் பாதையை நான் நிறுத்திய விதம்

ஒரு வெளிநாட்டு விமானக் கம்பனி கொழும்புக்கு நேரே பறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். கம்பனியின் வரலாற்றில் தேடினால் இது கிடைக்காது. என் பெயரை எழுதும் அளவுக்கு அவர்கள் என்னை மதிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த அந்தக் கம்பனியின் அலுவலகத்தில் நான் கிளாக்கர். கொழும்புக்கு வராத விமானத்துக்குக் கொழும்பில் என்ன அலுவலகம் என்று கேட்பீர்கள். வேறொரு கம்பனியின் விமானத்தில் ஆட்களை இடைவழி நகரம் ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து எங்கள் விமானத்தில் ஐரோப்பாவுக்கு ஏற்றுவோம். (எங்கள் ஊர்த் தீவுகளில் குறிகட்டுவான் துறை வரை பஸ், பிறகு நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம். அதே ஏற்பாடுதான்.)

இடையில் இறங்காமல் நேரே பறக்கலாமா என்று தலைமையகம் யோசிக்கத் தொடங்கியது. முதலாளி வரைபடத்தில் விரலை வைப்பார், அடுத்த மாதம் விமானம் பறக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். மனேஜர் பீற்றர்சன் விளக்கினார். இப்போது எத்தனை பேர் மாறி மாறிப் போகிறார்கள், போனவர்கள் திரும்பி வருவார்களா, முன் ஆசனத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க ஆள் உண்டா, விமானத்தின் வயிற்றில் ஏற்றத் தேயிலையோ மீனோ கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். எல்லாம் சரிவந்தாலும், அதே விமானத்தை வேறு ஊருக்கு விட்டால் இன்னும் நன்றாக நிரம்பாதா என்று கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறதாம். அந்த வேறு ஊர் ஆசியாவில் இன்னொரு நகரம். இருந்தது ஒரே விமானம்.

"விற்ற ரிக்கற்றை எண்ணிவிடலாம். இனிமேல் வாங்கப் போகிறவனை எப்படி எண்ணுவது?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் தீவுப் பகுதி ஒன்றே ஒரு விமானத்தை நிரப்பும், வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். கணக்குச் சரியாக வந்தால் பாதை திறக்கும் வேலைக்கு என்னைத் தலைமையகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு அனுப்புவதாக அவர் கைகொடுத்தார். அன்று பின்னேரமே புறக்கோட்டைக்குப் போய் அந்த ஊர்க் குளிருக்கென்று ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். நான் அதுவரை விமானத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன்.

ஊருக்குப் போய் நாரந்தனையில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, கழுத்தில் ரை கட்டி, ஊருக்குக் காட்ட அந்தக் கம்பளிக் கோட்டையும் காரியரில் வைத்து, கையில் படிவத்தோடு காலையில் வெளிக்கிட்டேன். முதல் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒருவர் வெள்ளைச் சேட்டோடு பயணப் பையுடன் வந்துகொண்டிருந்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். (எனக்கு. அவருக்கல்ல.)

"அண்ணை, எங்கை போறியள்?"

மனிதர் ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்தபடி நின்றுவிட்டார். நான் படிவத்தின் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"போனால் திரும்பி வருவியளோ, இல்லாட்டி ஒரேயடியாப் போறியளோ?"

பின்னால் வந்த மனைவி, "என்ன கேட்டனீர்?" என்றார். காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டேன்.

மனிதர் பையோடு உள்ளே போய்க் கதிரையில் குந்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அன்றைய பயணம் அவ்வளவுதான். "படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. வெளிக்கிடுற மனிசனிட்டைக் கேக்கிற கேள்வியே இது?" என்று அந்த அம்மா படலையைச் சாத்தினார்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்பதில்லை, கேட்டால் போகிற காரியம் கெடும். மிஞ்சினால் "தூரமோ" என்போம். போகிறவரும் "போறன்" என்று சொல்லமாட்டார், "போட்டு வாறன்" (போய்விட்டு வருகிறேன்) என்றுதான் சொல்வார். வெளிநாட்டுப் பயணம் என்றால் போய்ச் சேர்ந்த கடிதம் வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கே தெரியும். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கழுத்தில் ரையை இறுக்கியதும் மூளைக்கு இரத்தம் போகவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

செய்தி என் சைக்கிளை முந்திக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாப் படலையிலும் ஒரே பதில்.

"இஞ்சை ஒருத்தரும் போகேல்லைத் தம்பி."

"மூத்த பெடியன் லண்டனிலை எண்டு கேள்விப்பட்டனான்?"

"அவனும் போகேல்லை. அவன் அங்கை நிக்கிறான்."

புங்குடுதீவில் என் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது வீடு முடிந்திருந்தது. அத்தான் தெற்கில் கடை வைத்திருந்தவர், கலவரத்தில் கடை போன பிறகு ஊரோடு இருந்தார். என் கோட்டைத் தடவிப் பார்த்து, "நல்ல துணி. குளிர் தாங்குமே?" என்று மட்டும் கேட்டார். அவரிடமும் படிவத்தை நீட்டினேன்.

"நானோ? நான் நயினாதீவுக்கே வள்ளம் ஏறுறேல்லை" என்றார் அத்தான். அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

மூலையில் பழைய சேலை போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு மேல் படிவத்தை வைத்து, நாற்பத்தோராவது வீட்டுக்கும் பூச்சியம் போட்டேன். கொழும்பு அறையில் கரப்பான் அரித்துவிடும் என்று அக்கா சொன்னபடியால் கோட்டை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பீற்றர்சன் என் றிப்போட்டை இரண்டு தரம் வாசித்தார். "ஒருவர்கூடவா?" என்றார். "ஒருவரும் இல்லை சேர், நேர்மையான கணக்கு" என்றேன். தலைமையகம் மற்ற நகரத்தைத் தெரிவுசெய்தது.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பின் விருந்தினர் ஒருவரை வழியனுப்ப மனேஜரும் நானும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். போட்டிக் கம்பனியின் கவுண்டரில் நீண்ட வரிசை. என் படிவத்தில் பூச்சியமாக இருந்த முகங்கள் அதில் ஒவ்வொன்றாக நின்றன. நடுவில், அந்த வெக்கையில், என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அத்தான். காலடியில் சேலை இல்லாத அந்தப் பெட்டி. அன்று நான் படிவத்தை வைத்து எழுதியது ஒரு சூட்கேஸின் மேல்.

"அத்தான்! நயினாதீவுக்கே வள்ளம் ஏறுறேல்லை எண்டனியள்!"

"மெல்லக் கதையும்" என்றார், நெற்றி வியர்வையைக் கோட்டுக் கையால் துடைத்து. "திரும்பி வருவியளோ எண்டு கேட்டால் ஆர் ஓம் எண்டு சொல்லுவான்? எனக்கே தெரியாது ஐசே."

கோட்டைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

பீற்றர்சன் வரிசையைக் கண்ணால் எண்ணி முடித்தார். "இவர்கள் உமது தீவு ஆட்களா?"

"ஓம் சேர்."

"உங்கள் ஊரில் பயணம் போகிறவரிடம் எப்படித்தான் கேட்பது?"

"கேட்பதில்லை சேர்."

அதற்குப் பிறகு அவர் பயிற்சியைப் பற்றிப் பேசவில்லை.

சில வருடங்களில் அத்தான் வெளிநாட்டிலிருந்து கூப்பிட, நானும் மனைவியும் ஒருவழி ரிக்கற்றில் வெளிக்கிட்டோம். நேர் விமானம் இல்லை. (யாரால் என்று சொல்லத் தேவையில்லை.) இடைவழி நகரத்து விமான நிலையத்தில், நீட்டு இருக்கை வாங்கு ஒன்றில் பதினான்கு மணித்தியாலம் கிடந்தோம். அங்கே ஒரு விமானக் கம்பனிப் பெண் படிவத்தோடு வந்து, புதிய பாதைகளுக்காகக் கேட்கிறோம், எங்கே போகிறீர்கள், திரும்பி வருவீர்களா என்றாள்.

"நாங்கள் ஒருத்தரும் போகேல்லை" என்று அவளுக்கு இங்கிலீசில் சொன்னேன். ரிக்கற் மடியில் இருந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வாங்கில் படுத்திருந்தவர் எழும்பிவிட்டார்.

கதையை மனைவி என் அக்காவுக்கு எழுத, அக்கா குடும்பம் முழுவதற்கும் பரப்பிவிட்டாள். இன்றைக்கும் அக்காவின் பிள்ளைகள் எந்த நாட்டில் விமானம் மாறக் காத்திருந்தாலும் முதல் வேலையாக எனக்குப் போன் எடுப்பார்கள்.

"மாமா, உங்கடை வாங்கிலைதான் இருக்கிறம்."

எங்கே போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.