நைனாவின் சபதமும் பேசாத கேமராவும்

"இந்தப் பழைய போனை நான் சாகவிட மாட்டேன்!"

நைனா சபதம் போட்டார். போன் அம்மாவுடையது. அவர் கையில் இருப்பது போன மாசம் வாங்கிய புதுசு.

அம்மா நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை போடுகிறவள். ஏரிக்கரையில் எல்லாரையும் நிற்க வைத்து, போட்டோ எடுத்து, ஆப்பில் ஏற்ற வேண்டும். அந்த ஆப் பழைய ஆண்ட்ராய்டில் இனி ஓடாது. திங்கட்கிழமை போட்டோ ஏறாவிட்டால் வருகை போடும் பொறுப்பு அம்மாவை விட்டு, கூட வேலை செய்கிற பரிமளா அக்காவுக்குப் போய்விடும்.

"புது ஆண்ட்ராய்டு ஏத்திக் குடும்மா" என்றார் என்னிடம். பத்தாவதோடு படிப்பை விட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் பண்றவள் நான். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை. யாரோ புண்ணியவான்கள் சும்மா செய்து நெட்டில் போட்டிருந்த புது ஆண்ட்ராய்டை ஏற்றினேன். எல்லாம் ஓடியது. கேமரா மட்டும் கறுப்பு.

"உடைச்சிட்டியா?"

"கேமரா நல்லாத்தான் கீது நைனா. போனோட மூளையா கீற சிப்பு அதுகிட்ட பேச டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும். புது ஆண்ட்ராய்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதணும். சிப்பு கம்பெனிக்காரன் எழுதல."

"ஏன், கை வலிக்குதா?"

"சிப்பு வித்தப்பவே அவனுக்குத் துட்டு வந்துடுச்சு. ரெண்டு மூணு வருசம் பார்ப்பான். அப்புறம் அவன் ஆளுங்கல்லாம் புது சிப்புக்குப் போயிடுவாங்க. பழசுக்கு எழுதினா எவன் துட்டு குடுப்பான்?"

"வேற ஆளை எழுதச் சொல்லு!"

"உள்ள இன்னா கீதுன்னு காட்டவே மாட்டான். பூட்டி வச்சிக்கினு கீறான்."

நைனா விடவில்லை. லென்ஸைத் துடைத்தார். தட்டினார். வெயிலில் காய வைத்தார். கடைசியில் திட்டினார். கறுப்புதான்.

ஞாயித்துக்கிழமை அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏய்யா, மத்தபடி இந்த போன் நல்லாத்தானே கீது?"

"ராஜா மாதிரி கீது! பேசலாம், பாட்டு கேக்கலாம். ஒரு மனுசனுக்கு வேற இன்னா வேணும்?"

"கேமரா வேணாமா?"

"எனக்கு இன்னாத்துக்கு கேமரா? நான் இன்னா கல்யாண மாப்பிள்ளையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சிம் தட்டைத் திறக்கிற ஊசியை எடுத்தேன். அவர் கை கழுவி வருவதற்குள் ரெண்டு சிம்மும் இடம் மாறிவிட்டன.

திங்கட்கிழமை காலை, ஏரிக்கரை. நைனாவும் மண்வெட்டியோடு வரிசையில் நின்றார். அவருடைய புது போனை அவர் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"மொறைக்காதய்யா. நேரா பாரு. இல்லேன்னா ஆப்சென்ட்."