பெரியவர் வந்திட்டார்

"இண்டையிலிருந்து இந்த வகுப்பில ஆரும் அந்தச் சொல்லச் சொல்லப்படாது" என்றார் சுலோஜனா டீச்சர்.

"எந்தச் சொல்லு டீச்சர்?" என்று மதுஷன் கேட்டான்.

"அதைச் சொல்லத்தானே வேணாம் எண்டுறன்."

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள். கடைசியில் டீச்சரே கரும்பலகையில் 'யானை' என்று எழுதிக் காட்டி, உடனே அழித்தார். முதல் வாங்கில் இருந்த தக்ஷாயினியைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

வாவியோரப் படுவான்கரையில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது லேசல்ல. வயல் வட்டைக்குள் இறங்குவதும் அதுதான், வேலியைச் சாய்ப்பதும் அதுதான். போன மாதம் தக்ஷாயினி வீட்டுக் குசினிச் சுவரைத் தள்ளியதில் தகப்பனுக்குக் கால் முறிந்தது. போன கிழமை யானைப் பாடத்துக்கு நடுவில் வந்த போனில் கதைத்து முடித்து டீச்சர் திரும்பினால், பிள்ளை மேசையில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பிள்ளையைப் பேச வைக்காமல் விடுவதில்லை என்று டீச்சர் நின்றார். பதினெட்டுப் புத்தகத்தையும் வாவிக்கு அக்கரையில், குருக்கள்மடத்தில் இருந்த தன் வீட்டுக்குச் சுமந்துபோய், யானைப் படத்தின் மேலெல்லாம் வெள்ளைக் கடதாசி ஒட்டிக்கொண்டு வந்தார். சம்பளத்துக்காக யாரும் செய்கிற வேலையா அது?

மறுநாள் பிள்ளைகள் வேறு பக்கமே புரட்டவில்லை. எல்லாரும் கடதாசியை நகத்தால் கிளப்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், சுவரில பிள்ளையார் இரிக்கார். அவருக்கும் ஒட்டவா?"

"அவரை விடு மனே."

"தும்பிக்கைக்கு மட்டும்?"

இது சரிவராது என்று டீச்சர் வேறு வழி பிடித்தார். "கட்டாயம் சொல்ல வேண்டி வந்தா 'பெரியவர்' எண்டு மரியாதையாச் சொல்லுங்க."

பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று.

"டீச்சர், ராவு பெரியவர் எங்கட வாழையெல்லாம் திண்டுட்டார்."

"டீச்சர், பெரியவர் றோட்டில பேண்டு வச்சிரிக்கார்."

வியாழக்கிழமை, இந்த ஏற்பாடு எதுவும் தெரியாத காவலாளி சாமித்தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டீச்சர், பெரியவர் வந்திட்டார். கேற்றால உள்ளுக்கு வாறார்."

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. சோற்றுக் கோப்பைகளைக் கரண்டியால் அடித்துக்கொண்டு பதினெட்டுப் பேரும் வாசலுக்குப் பாய்ந்து, எதையும் பாராமல் கூக்குரலிட்டார்கள். பலமாக அடித்தது தக்ஷாயினிதான். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

வந்தவர் கல்விக் கந்தோரின் பெரியவர், அதிகாரி கோணாமலை சேர். கனத்த உடம்பு. பின்வாங்கிப் பின்வாங்கி, குழாய்க்கிணற்றடிச் சேற்றில் தொப்பென்று இருந்தேவிட்டார்.

"இது ஆர்ட வேலை?" என்றார் சேற்றில் இருந்தபடியே.

"என்ட வேலைதான் சேர்." டீச்சர் கைகொடுத்துத் தூக்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

சேர் சேறு பட்ட களிசானைத் தட்டிவிட்டபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இருவது வருசமாப் பள்ளிக்கூடம் பாக்கிறன். ஒரு புள்ளைக்காக ஒரு சொல்லையே ஒளிச்சு வச்ச டீச்சர இண்டைக்குத்தான் காணுறன். நல்ல சேதியோடதான் வந்திரிக்கன். நீங்க கேட்ட மாற்றம் கிடைச்சிட்டு. வாற மாதம் உங்கட ஊர்ப் பள்ளிக்கூடம்."

கோப்பை ஒன்று நிலத்தில் விழுந்தது. தக்ஷாயினி விக்கி விக்கி அழுதாள்.

"சேர், அந்தச் சொல்ல..." என்று டீச்சர் பதறினார்.

"நான் எங்க சொன்னன்? யானையெண்டு வாயே திறக்கல்லயே."

தக்ஷாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய் திறந்தாள்.

"யானையெண்டு எத்தின தரமும் சொல்லுங்க சேர். மாற்றமெண்டு மட்டும் சொல்லாதீங்க. அண்டைக்கு டீச்சர் போனில கதைக்கக்குள்ள நான் அழுததும் அந்தச் சொல்லுக்குத்தான்."