குணமடைந்த இடது கால்

சொந்தக் காரைச் சொந்தக் கையால், சொந்தக் காலால் ஓட்ட வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்படுவது எந்தச் சட்டப்படியும் குற்றமல்ல. தெருவிளக்குத் துறைக் கண்காணிப்பாளர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சட்டம் அவருக்குத் தெரியாததும் அல்ல. எரியாத விளக்குகளைப் பற்றி வரும் புகார்களை எல்லாம் விசாரிப்பவரே அவர்தான். அலுவலக நேரம் பகல் என்பதால் பரிசோதனையும் பகலில்தான் நடக்கும். பகலில் விளக்கு எரியக் கூடாது என்பது விதி. புகாரில் கண்ட விளக்கும் எரியாது. ஆகவே "மேற்படி விளக்கு விதிமுறைப்படியே இயங்கி வருகிறது" என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். அவர் தெருவில் விளக்கு எரியும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம். இருவர் மட்டும் உட்காரலாம். அதில் ஏறுவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. இறங்குவது கிணற்றிலிருந்து ஏறி வருகிற மாதிரி. கியர் தானாகவே மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி.

வாங்கியவர் அவர். ஓட்டியவள் மனைவி.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் துணிந்து கற்றுக்கொண்டு, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அதுவரை பஸ்ஸில் தொங்கியவள். காலையில் கணவரை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, அந்தக் குறுகலான வளைவில் ஒற்றைக் கையால் சர்ரென்று திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். வாசல் காவலாளி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

"சார், அம்மா சூப்பரா ஓட்டறாங்க சார்!"

கண்காணிப்பாளர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகாது. பின்னால் காரைக் கியர் வண்டியாக மாற்ற நினைத்ததற்கு இதுதான் காரணமா என்று யாராவது கேட்டிருந்தால் அடியோடு மறுத்திருப்பார். தன்னிடமே மறுத்துவந்தார்.

வெளியே சொல்வதற்குக் கௌரவமான காரணம் ஒன்று கிடைத்தது. ஊரில் அப்போது கியர் மாற்றுவது ஒரு நாகரிகமாகியிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் கியர் மாற்றத் தேவையில்லை என்று பெருமைப்பட்ட அதே மனிதர்கள், இப்போது கையால் கியர் மாற்றாதவன் மனிதனே இல்லை என்று பேசினார்கள். அதற்கு ஒரு சங்கம்கூட இருந்தது. ஞாயிறு காலைகளில் ஒரு டீக்கடை மைதானத்தில் கூடுவார்கள். கண்காணிப்பாளர் காருக்கு மெழுகு பூசி, தேய்த்துத் துடைத்துக்கொண்டு போவதற்குள் எல்லோரும் வந்து தங்கள் தங்கள் கார்களில் சாய்ந்து நின்றிருப்பார்கள்.

சங்கத் தலைவர் அவர் காருக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது துக்க வீட்டு முகம்.

"ரெண்டு பெடல்தானா?"

"ஆமாங்க. ஆட்டோமேட்டிக்."

"அப்ப நீங்க ஓட்டலை. கூட உட்கார்ந்து வந்திருக்கீங்க."

சுற்றி நின்றவர்கள் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்றைக்கே வீட்டில் அறிவித்துவிட்டார்.

"கிளட்ச் வச்சுக் கியர் வண்டியா மாத்தப் போறேன்."

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா நின்றது. "என் லைசென்ஸுக்கு அதை ஓட்ட முடியாதே. நான் எதுல ஸ்கூலுக்குப் போறது?"

"நான் கொண்டுபோய் விடறேன்."

"நீங்களா? போன மாசம் நம்ம வீட்டு கேட்டையே இடிச்சீங்களே."

"அது ஆட்டோமேட்டிக்ல. கியர் வண்டின்னா கட்டுப்பாடு நம்ம கையில இருக்கும்."

மனைவி யாரோ ஒரு பையனுக்குப் பூஜ்யம் போட்டாள்.

மெக்கானிக்குக்கு 'டாப் கியர்' என்று பட்டப்பெயர். காரின் வயிற்றைக் கிழித்து, பழைய கியர்பாக்ஸை இறக்கி, வேறொன்றை ஏற்றி, இடது காலால் மிதிக்கிற மூன்றாவது பெடலுக்கு, அதாவது கிளட்சுக்கு, இடம் பண்ணினான். அதோடு முடியவில்லை.

"சார், இந்த வண்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் மூளை இருக்கு. பழைய கியர்பாக்ஸைக் காணோம்னு தெரிஞ்சா வண்டி நின்னுடும். அது இன்னும் இருக்குன்னு மூளையை நம்ப வச்சிருக்கேன்."

"நம்புமா?"

"நல்லா நம்பும் சார். கவர்மென்ட் மாதிரி." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பதிவு ஆபீஸ்ல மட்டும் போய் மாத்திக்குங்க. அவங்க புத்தகத்துல இது ஆட்டோமேட்டிக். இப்படியே ரோட்ல பிடிச்சாங்கன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா?"

"சொன்னா யாரு சார் மாத்துவாங்க?"

வாகனப் பதிவு அலுவலகத்தில் காருக்கு மாடி, லைசென்ஸுக்குக் கீழ்த்தளம். மாடியில் ஆய்வாளர் அவரை உட்காரவைத்து, விசிறியைக்கூட அவர் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க சார். உங்க இடது காலுக்கு என்ன?"

"காலுக்கா? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லைன்னா கியரை எதுக்கு மாத்தினீங்க?"

"ஆசையா இருந்தது."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தில் விரலை ஓட்டினார். "ஆசை இதுல இல்லையே சார். கியர் அமைப்பை மாத்தறதுக்கு ஒரே பிரிவுதான் இருக்கு. இடது கால் பாதிக்கப்பட்டவங்க கியர் வண்டியை ஆட்டோமேட்டிக்கா மாத்திக்கலாம்."

"நான் அப்படியே தலைகீழா மாத்தியிருக்கேன்."

"அப்ப காரணமும் தலைகீழாத்தான் இருக்கணும். பாதிக்கப்பட்ட கால் குணமாயிடுச்சு. அதனால மறுபடி கிளட்ச். டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க."

"என் கால் பாதிக்கப்படவே இல்லைங்க! வண்டி கம்பெனியிலேருந்து வரும்போதே ஆட்டோமேட்டிக்."

"ஓ, பிறவியிலேயே!" ஆய்வாளர் அனுதாபத்தோடு அவர் காலைப் பார்த்தார். "குணமானது பெரிய விஷயம் சார்."

கண்காணிப்பாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "இதெல்லாம் ஒரு நியாயமா? கண்ணால பார்த்தா தெரியலையா உங்களுக்கு?"

ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "எங்க தெருவுல விளக்கு எரியலைன்னு உங்க ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன் சார். பட்டப்பகல்ல வந்து பார்த்துட்டு, விதிமுறைப்படி இயங்குதுன்னு பதில் வந்தது. எங்கம்மா அந்த இருட்டுலதான் விழுந்தாங்க. நான் ஏதாவது கேட்டேனா? விதி விதிதானே?"

கண்காணிப்பாளர் எழுந்து டாக்டரிடம் போனார்.

டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், முட்டியில் தட்டினார். "நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் எழுதணும். குணமாகி, நல்லா இருக்குன்னு."

"குணமாகணும்னா முதல்ல நோய் வேணுமே. என்ன நோய் போடட்டும்? வாதம்?"

"வாதம் வேண்டாம் டாக்டர். வயசானவன்னு நினைப்பாங்க. விளையாட்டு வீரனுக்கு வர்ற மாதிரி ஏதாவது?"

"தசைநார் கிழிஞ்சதுன்னு போடலாம். கால்பந்து ஆடியிருக்கீங்களா?"

"டிவியில விடாம பார்ப்பேன்."

'கால்பந்துடன் கொண்டிருந்த நீண்டகாலத் தொடர்பின் விளைவாக' என்று டாக்டர் எழுதினார். படித்துப் பார்த்தபோது கண்காணிப்பாளருக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. வெளியே வரும்போது, தன்னையறியாமல், மைதானத்திலிருந்து திரும்புகிறவர் போல லேசாக நொண்டினார்.

காகிதம் மாடியிலேயே பல மேசைகளுக்குப் பயணம் செய்தது. அதுவரை கார் வீட்டு வாசலில் சும்மா நின்றது. மனைவி மறுபடியும் பஸ்ஸில் தொங்கினாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமாகத் தொடங்கியது. கேட்டால் "ஸ்பெஷல் கிளாஸ்" என்றாள். யாருக்கு யார் எடுக்கும் கிளாஸ் என்று அவர் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு அதிகம் கேள்வி கேட்காது.

கடைசியில் ஆய்வாளர் கீழே இறங்கி வந்து, டாப் கியர் இழுவை வண்டியில் கொண்டுவந்து நிறுத்திய காரைப் பரிசோதித்தார். ஓட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, விரலை நீட்டி, பெடல்களை எண்ணினார். மறுபடியும் ஒருமுறை எண்ணி உறுதிசெய்துகொண்டு, அனுமதி வழங்கி முத்திரை குத்தினார். "கீழ்த்தளத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார். சம்பிரதாயம்தான்."

கீழ்த்தளத்து எழுத்தர் அம்மாள் அவருடைய லைசென்ஸைக் கேட்டு வாங்கி, வேறொன்றைக் கொடுத்தாள். அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: ஆட்டோமேட்டிக் வாகனம் மட்டும்.

"என்னம்மா இது?"

"இடது கால் பாதிக்கப்பட்டிருக்குன்னு சர்டிபிகேட்ல இருக்கே சார்."

"குணமாயிடுச்சுன்னும் இருக்கே!"

"குணமானதை மாடியில எடுத்துக்குவாங்க. பாதிக்கப்பட்டதை நாங்க எடுத்துக்குவோம். பிரிவு வேற சார்."

"அப்ப என் காரை நான் ஓட்டக் கூடாதா?"

"தாராளமா ஓட்டலாம். ஆட்டோமேட்டிக்கா மாத்திட்டு."

"இந்த வரியை எடுக்க வழியே இல்லையாம்மா?"

"ஏன் இல்லை? உங்க கால் பாதிக்கப்படவே இல்லைன்னு டாக்டர் எழுதினா உடனே எடுத்துடுவோம்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அப்ப மாடியில கொடுத்த அனுமதி செல்லாது. வண்டியைத் தூக்கிடுவாங்க."

காரை டாப் கியரோடு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார். நின்றுகொண்டேதான் வந்தார்.

மனைவி முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. கைப்பையைத் திறந்து தன் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்ற வரி இல்லை.

"ஸ்பெஷல் கிளாஸ்" என்றாள். "டிரைவிங் ஸ்கூல்ல. எப்படியும் கேட்டை இடிப்பீங்க, யாராவது ஒருத்தர் ஓட்டத்தானே வேணும்? ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். எல்லாரும் சிரிப்பாங்க."

"மெழுகு பூசற வேலையெல்லாம் வேண்டாம். சீக்கிரம் கிளம்பினா சீக்கிரம் போகலாம்."

டீச்சர் சீக்கிரம் என்றால் சீக்கிரம்தான். மைதானத்தில் இன்னும் ஒரு காரும் வந்திருக்கவில்லை. மானம் தப்பியது, ஓட்டுநர் பக்கக் கதவில் சாய்ந்து நின்றுவிடலாம் என்று அவர் அவசரமாகக் கிணற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவரின் கார் உறுமிக்கொண்டு நுழைந்தது. ஓட்டி வந்தவள் அவர் மருமகள். தலைவர் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார். அடுத்த காரை ஓட்டி வந்தவன் யாரோ ஒருவரின் மச்சினன். அதற்கடுத்ததை, சம்பளத்துக்கு வைத்த டிரைவர். ஒவ்வொரு காரிலும் சங்க உறுப்பினர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார், காரைச் சுற்றி வேகமாக நடந்தார், ஓட்டுநர் பக்கம் வந்து சாய்ந்து நின்றார். ஓட்டி வந்தவர்கள் பேசிவைத்த மாதிரி டீக்கடைக்குப் போனார்கள்.

தலைவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிட்டே வந்து, காதோடு கேட்டார்:

"உங்களுக்கு என்ன போட்டாங்க?"

"கால்பந்து."

"அடடா. எனக்கு மலையேற்றம்." அவர் கண்காணிப்பாளரின் தோளில் கை வைத்தார். "இப்பதான் நீங்க நம்ம ஆளு."

பிறகு எல்லோரையும் கூட்டி, கையால் கியர் மாற்றுவதன் ஆன்மீகப் பயன்களைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். அத்தனை பேரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். இன்னொரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஏற்றத்தில் எந்தக் கியர் போடுவது என்று உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே சிரிப்புச் சத்தம் அதிகமாக இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு மேடு வந்தது. மனைவி கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து, அலுங்காமல் ஏற்றினாள். பக்கத்தில் கண்காணிப்பாளரின் இடது காலும் ஒன்றுமில்லாத தரையை அதே நேரத்தில் அழுத்தியது. அவள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அழுத்தியது. வீட்டுக்கு வருவதற்குள் தொடையிலிருந்து பாதம்வரை சுண்டி இழுத்தது. இறங்கியவர் நிஜமாகவே நொண்டினார்.

"என்னங்க, கால்ல என்ன? டாக்டர்கிட்ட போகலாமா?"

"வேண்டாம்" என்றார் கண்காணிப்பாளர், கேட்டைப் பிடித்துக்கொண்டு. "அந்தக் கால் குணமாயிடுச்சு. முத்திரை குத்தியாச்சு."