நாலு சக்கரத்துக்கு நாலு பட்டன்

இனி இந்த வீட்டுக்குள் ஒரு சக்கரப் பார்சல்கூட நுழையாது என்று வரைபடக்காரர் தம் மனைவியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"சத்தியம் பண்றது சரிங்க. அதுக்கு என் தலை எதுக்கு? உங்க தலை சும்மாதானே இருக்கு?"

"ஒரு நம்பிக்கைக்குத்தான்."

"யாருக்கு நம்பிக்கை? எனக்கா, உங்களுக்கா?"

வரைபடக்காரர் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

பகலில் நில அளவை அலுவலகத்தில் கோடு போடுவது அவருக்குப் பிழைப்பு. மாலையில் வீட்டில் சின்னக் கார் கட்டுவது அவருக்கு உயிர். குழந்தைகள் உருட்டி விளையாடும் கார் இல்லை. யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். இது ஹாட் ராட். அந்தக் காலத்துப் பழைய காரை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய இன்ஜினைத் திணித்துக்கொண்டு பறந்தார்களே, அந்த வண்டி. அதை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வார். உள்ளங்கையில் நிற்கும். கதவு திறக்கும். இன்ஜினுக்கு முடி கனத்தில் ஒயர்கூட ஓடும்.

எல்லாம் அமையும், சக்கரம் மட்டும் அமையாது. முப்பதுகளின் வண்டிக்கு முப்பதுகளின் கம்பிச் சக்கரம்தான் வேண்டும். பெட்டியோடு வருவது எழுபதுகளின் தடியன் சக்கரம். தனியாக வரவழைத்தால், அளவு சரியாக இருக்கிற சக்கரத்தில் கம்பி விரல் கனத்துக்கு இருக்கும். கம்பி மெல்லிசாக இருந்தால் நடுமூடி வேறு காலத்தது. இப்படித் தப்பான சக்கரங்களே ஓர் இழுப்பறை நிறையச் சேர்ந்துவிட்டன.

"இது அத்தனையும் மாட்டினா வீடே நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போயிடும்" என்பாள் மனைவி. அப்படி ஒரு நாள் சொன்னதன் விளைவுதான் மேற்படி சத்தியம்.

சத்தியத்தை மீறவும் வழியில்லை. அம்மணிக்குப் பார்சல் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. ஊருக்குள் வருகிற எந்தப் பொட்டலமும் அவள் கைபடாமல் வெளியே போகாது. பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்தே உள்ளே இருப்பது சக்கரம் என்று சொல்லிவிடுவாள்.

இந்த நிலையில் மாடல் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி நெருங்கியது. வண்டி தயார். கருஞ்சிவப்பு, கண்ணாடி மாதிரி மெருகு. சக்கரம் இல்லாமல், மேஜைமேல் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், பல் டாக்டர். அவர்தான் சங்கத் தலைவர், அவர்தான் நடுவர். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அதே குட்டிக் கண்ணாடியையும் குத்தூசியையும் கொண்டுவந்து வண்டியின் அடிவயிறு வரைக்கும் ஆராய்வார். போன வருஷம் வரைபடக்காரரின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "வண்டி அழகு சார். ஆனா இந்த வண்டி செத்ததுக்கு அப்புறம்தான் இந்தச் சக்கரம் பிறந்திருக்கும்" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் வரைபடக்காரரின் காதை விட்டு இறங்கவில்லை. இந்த வருஷமும் அப்படி ஒன்று நடந்தால் மாடலை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தார்.

"டாக்டர்கிட்டயே ஒரு வார்த்தை கேளுங்களேன். அவர்கிட்ட இல்லாத சக்கரமா?" என்றாள் மனைவி, சாப்பாடு பரிமாறிக்கொண்டே.

"அவர்கிட்டப் போய்க் கை நீட்டணுமா? அதுக்கு நான் நாலு பல்லைப் பிடுங்கிக் கொடுத்துடுவேன்."

"அதுக்கும் அவர்கிட்டதானே போகணும்?"

வரைபடக்காரர் பேச்சை மாற்றி, கம்பிச் சக்கரத்தின் விளிம்பு வளைவைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். தினமும் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள இந்த விளக்கம்தான். அவள் தலையாட்டுவாள். காதில் வாங்குகிறாளா என்பது சந்தேகம். ஆனாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அதற்கே அவருக்கு அவள்மேல் நன்றி உண்டு.

ஒரு விடுமுறை நாள். அலமாரியில் துண்டு தேடியவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவியின் குளிர்கோட்டு தொங்கியது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது. அதன் முன்பக்கத்தில் நாலு உலோகப் பட்டன்கள். வட்டம், விளிம்பு, நடுவில் குமிழ், குமிழிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கம்பிகள்.

ஓடிப்போய் அளவுகோல் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். விட்டம் அச்சாக அதே அளவு. கம்பிதான் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல். யார் எண்ணப்போகிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்தினார். எண்ணுவதற்கென்றே ஒருத்தர் குத்தூசியோடு வருவாரே என்று மனசு சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்சல் வேண்டாம், சத்தியம் மீற வேண்டாம். சக்கரம் வீட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடவுளுக்கும் கோட்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

கடைத்தெருவில் அதே சாயலில் நாலு பட்டன் கிடைத்தது. மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும், அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோட்டிலிருந்து வெட்டியெடுத்த பழைய பட்டன்கள் வண்டியின் டயருக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆளுக்கு ஒரு சொட்டுப் பசை. அடுத்தது கோட்டு. புதுப் பட்டன்கள் நேர்கோட்டில் வரவேண்டும் என்று கோட்டை மூடி, மேஜையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டுத் தைத்தார். இன்ஜின் ஒயரைக் கட்டினால் முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வைப்பது மாடல்காரர் பழக்கம். கை தன்பாட்டுக்கு நூல் முடிச்சிலும் வைத்தது. பசை நூல் வழியாக இறங்கி, அடியில் இருந்த மடிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை நல்ல குளிர். மனைவி கோட்டை எடுத்தாள். முதல் பட்டனை இழுத்தாள். இரண்டாவதை இழுத்தாள்.

"ஏங்க, கோட்டு தொறக்கவே மாட்டேங்குது."

"குளிருக்கு இறுகியிருக்கும்."

"துணி இறுகுமா?"

"உலோகம் இறுகும். விஞ்ஞானம்."

"நாலும் ஒண்ணா இறுகிடுச்சா?"

"ஒரே துணியில இருக்கு இல்ல?"

மனைவி கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மேஜையில் சக்கரம் முளைத்து நின்ற வண்டியையும் ஒரு நொடி பார்த்தாள். "சரி" என்றாள். கோட்டைத் தலை வழியாகச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வரைபடக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். சொன்னதை அப்படியே நம்புகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கண்காட்சி நாள் வந்தது. வண்டியைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைக்கும் வேலையை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். கிளம்பும்போது அவள் கோட்டை எல்லாரையும்போல முன்பக்கம் திறந்து மாட்டினாள். பசை விட்டுப்போயிருக்கும், நல்ல காலம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் நீள மேஜைகள், வெள்ளை விரிப்பு. வண்டியை எடுத்து வைத்தார். சக்கரங்கள் நேற்றைவிட நிஜமாகத் தெரிந்தன. கம்பிகள்கூட இன்னும் நெருக்கமாக இருந்த மாதிரி பட்டது. மண்டபத்து விளக்கு அப்படி என்று எண்ணிக்கொண்டார்.

டாக்டர் வந்தார். கண்ணாடியை அடியில் நீட்டினார். டார்ச்சு அடித்தார். அப்புறம் குத்தூசியை எடுத்து, முன்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். வரைபடக்காரரின் காதில் போன வருஷச் சிரிப்பு கேட்க ஆரம்பித்தது.

டாக்டர் நிமிர்ந்தார். "கம்பி சரி. வளைவு சரி. நடுமூடி சரி. இந்த மண்டபத்துல இவ்வளவு சுத்தமான சக்கரம் நான் பார்த்தது இல்ல சார்."

வரைபடக்காரருக்குக் காலடியில் தரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. டாக்டருக்கு வயசாகிவிட்டது, எண்ணிக்கை தப்பிவிட்டது என்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்க கிடைச்சுது?" என்றார் டாக்டர்.

"கிடைக்கலை டாக்டர். நானே செஞ்சேன்."

"நீங்களேவா?"

"கையாலதான்."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். "கம்பியை எதுல சார் இழுத்தீங்க?" என்றார் ஒருத்தர்.

"வெள்ளியில. சூடு காட்டி, ஒவ்வொண்ணா."

"விளிம்பு?"

"அது ஒரு தனி வித்தை. மூச்சை அடக்கிக்கிட்டுச் செய்யணும்."

கைதட்டல் எழுந்தது. மனைவி பக்கத்தில் நின்று தன் கோட்டுப் பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பொறுமையாக எல்லாம் அடங்கும்வரை நின்றுவிட்டு, வரைபடக்காரரின் தோளில் கை போட்டு ஜன்னல் ஓரமாக அழைத்துப்போனார்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். போன மாசம்வரைக்கும் என் பெட்டியில இருந்த சக்கரத்தை நீங்க எப்ப சார் செஞ்சீங்க?"

வரைபடக்காரர் திரும்பி மனைவியின் கோட்டைப் பார்த்தார். குமிழ், விளிம்பு, கம்பி. பழைய பட்டன்கள் நாலும் பழைய இடத்தில் இருந்தன.

"உங்க வீட்டம்மா பார்சல் கவுன்ட்டர்ல என்னைப் பிடிச்சாங்க" என்றார் டாக்டர். "முப்பதுகளோட கம்பிச் சக்கரம், இருபத்தைந்துல ஒண்ணு, விளிம்பு உள்வளைவு, நடுமூடி தட்டையா இருக்கணும்னு மூச்சுவிடாம சொன்னாங்க. அவங்கதான் மாடல் செய்யறாங்கன்னு நினைச்சுட்டேன். இல்ல, வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்துல சொல்லுவார்னாங்க. அந்தச் சக்கரத்தை நான் யாருக்கும் கொடுத்தது இல்ல. அவங்களுக்குக் கொடுக்காம இருக்க முடியலை."

டாக்டர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். வரைபடக்காரர் மனைவியை வாசல் படிக்கட்டுக்கு அழைத்து வந்தார்.

"எப்ப மாத்தினே?"

"நீங்க இஸ்திரி போட்டப்ப. பசையைக் கரைக்க நகப்பூச்சு அழிக்கிற தண்ணி போதும்னு நீங்கதானே சொல்லுவீங்க? கோட்டுப் பசையை முன்னாடியே கரைச்சுட்டேன். வண்டியில இருந்ததை இன்னிக்குத்தான்."

"முன்னாடியே கையில இருந்துதுன்னா ஏன் கொடுக்கலை?"

"இன்னிக்குக் காலையில உங்க கையில வச்சு அசத்தலாம்னு இருந்தேன். நடுவுல கோட்டுல கை வச்சுட்டீங்க. கொடுக்கணுமா வேண்டாமான்னு யோசனையாப் போச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பட்டனோட போய் நின்னா அவர் எண்ணுவார், எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க வீட்டுக்கு வந்து வண்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவீங்க. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல எதைப் பேசுவீங்க?"

வரைபடக்காரர் இத்தனை வருஷமாகச் சுவரோடு பேசுகிறோம் என்று நினைத்திருந்தார். ஒரு வார்த்தை கீழே சிந்தாமல் அத்தனையையும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். உலகத்தில் தனக்குக் கிடைத்தது மாதிரி யாருக்கும் கிடைத்திருக்காது என்று அந்தப் படிக்கட்டில் நின்று உண்மையாகவே நினைத்தார். கோட்டுப் பட்டனைத் திருடினதற்கு மன்னிப்புக் கேட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன், சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் அவள், கோட்டின் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே. "சங்கத்துக்காரங்க எல்லாரும் வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வராங்க. நீங்க கையால சக்கரம் செய்யறதைக் கிட்ட இருந்து பார்க்கணுமாம். தாராளமா வாங்க, ஆளுக்கு ஒரு செட் செஞ்சு கொடுப்பார்னு சொல்லிட்டேன்."