காற்றுப் புகாத தில்லையம்பலம்

லண்டனில் நம்மவர்களுக்குள்ளே ஓட்டையடைப்பார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். விருந்துக்கு வந்த மற்றவர்கள் உங்கள் சோபாவைப் பார்ப்பார்கள், பிள்ளையின் பட்டமளிப்புப் படத்தைப் பார்ப்பார்கள், குசினியில் என்ன வேகிறது என்று மூக்கால் விசாரிப்பார்கள்; இவர் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே யன்னலடிக்குப் போய், புறங்கையை விளிம்போடு மெல்ல நகர்த்தி, கண்ணை மூடி, "இதுக்காலை வருது" என்பார். என்ன வருகிறது? காற்று. வேறென்ன, கள்ளனா வரப்போகிறான்? கள்ளன் வந்தாலும் இவருக்குப் பரவாயில்லை, உள்ளே வந்ததும் அவன் கதவைச் சாத்திவிட்டால் போதும்.

கதவுக்கடியில் துவாய், தபால் துவாரத்தில் பஞ்சு, குளியலறை விசிறியின் மேல் பிளாஸ்டிக் பை. மூச்சுவிட வழியில்லாமல் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தால், "பாத்தியளே, ஈரம் எங்காலையோ வருது" என்று இன்னொரு ஓட்டையைத் தேடிப் போவார்கள். ஏனப்பா இப்படி என்று கேட்டால் ஒரே பதில்: "நெஞ்சுக்குள்ளை குளிர் இறங்கினா ஆர் பாக்கிறது?"

இந்த இனத்தின் சிகரம் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் வசிக்கிறார். பெயர் தில்லையம்பலம், வயது அறுபத்து மூன்று. முன்பு பதினேழு வருடம் டென்மார்க்கில் இருந்தவர். அங்கே வீடுகளைக் கட்டும்போதே காற்றுப் புகாமல் கட்டித் தொலைத்துவிடுகிறார்கள். மனுஷனுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. லண்டனுக்கு வந்து நூறு வருடம் தாண்டிய வீடொன்றை வாங்கினார். வீடு முழுக்க ஓட்டை. ஆளுக்கு வாழ்வு வந்தது.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய காஸ் நெருப்பு, புகைபோக்கியடியில் பொருத்திய கணப்பு. அவருடைய மனைவி நகுலேஸ்வரிக்கு அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தால்தான் மாரிக் குளிர் கழியும். போன பங்குனியில் அதைச் சோதிக்க வந்தவர் முகத்தைச் சுளித்து, சிவப்பு லேபிள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். புகைபோக்கிக்குள் செங்கல் வெடித்துவிட்டதாம். புகை வீட்டுக்குள்ளே கசிகிறதாம். மேலிருந்து கீழ்வரை ஓர் உலோகக் குழாய் இறக்கும்வரை நெருப்பைத் தொடவே கூடாதாம்.

தில்லையம்பலம் கோடை முழுக்க "பாப்பம், பாப்பம்" என்று காலத்தை ஓட்டினார். ஐப்பசி பிறந்ததும் நகுலேஸ்வரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தார்.

"விம்பிள்டனிலை மகள் எனக்கு அறை ஒதுக்கி வைச்சிருக்கிறாள். லேபிள் கழண்டா நிக்கிறன். கழலாட்டி, மாரி முடியத்தான் என்னைப் பாப்பியள்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு மாரியும் தில்லையம்பலம் தனியே இருந்ததில்லை. சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், அதெல்லாம் பிரச்சினையில்லை. ஆனால் "இதுக்காலை வருது" என்று சொன்னால், "ஓம், வருது" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா? அன்றைக்கே போனை எடுத்தார்.

வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து ரதீசன் வந்தான். காஸ் வேலைக்கு முறையாகப் பதிவுபெற்றவன், கெட்டிக்காரன். கூட வந்த அவனுடைய மச்சான்காரர் கூரைக்கு ஏறினார். ஸ்டீல் குழாய், மினுமினுவென்று, உடம்பெல்லாம் வரிவரியாக, முன்வளவில் சுருண்டு கிடந்தது.

"அண்ணை, இந்த அறைக்கு வெளிக்காத்து வர ஒரு ஓட்டை இருக்கவேணுமே?" என்றான் ரதீசன்.

"இருக்குத் தம்பி, இருக்கு."

பொய்யா? சத்தியமாக இல்லை. இருந்தது.

மேலிருந்து பாரம் கட்டிய கயிறு முதலில் இறங்கவேண்டும். இறங்கவில்லை. ரதீசன் அந்தக் கணப்பைக் கழற்றி இழுத்து வெளியே வைத்துவிட்டு, புகைபோக்கிக்குள் தோள்மட்டும் கையை விட்டு இழுத்தான். ஒரு தலையணை வந்தது. இன்னொரு தலையணை வந்தது. பழைய டூவே போர்வை ஒன்று வந்தது. கடைசியாக, கரி பூசிக்கொண்டு, நகுலேஸ்வரியின் நாவல் நிறக் குளிர்ச்சட்டை வந்தது.

"ஐயோ! மச்சாள்தான் எடுத்துக்கொண்டு போனவ எண்டு ஆறு மாசமா அவவோடை நான் கதைக்கேல்லை!" என்று கத்தினார் நகுலேஸ்வரி.

"நெருப்பு எரியேல்லைத்தானே," என்றார் தில்லையம்பலம். "பிறகேன் சும்மா ஒரு ஓட்டை?"

கயிறு வந்தது. ரதீசன் கீழிருந்து இழுக்க, மச்சான்காரர் மேலிருந்து விட, குழாயில் போட்டிருக்கும் அம்புக்குறி மேலே பார்க்கிறதா என்று இவன் கேட்டு அவர் பார்த்துச் சொல்ல, குழாய் கரகரவென்று இறங்கியது. தில்லையம்பலம் அதன் வாயை எட்டிப் பார்த்தார்.

"அப்ப, ஒரு ஓட்டைக்குள்ளை இன்னொரு ஓட்டை வைக்கிறம்?"

"ஓம் அண்ணை."

"இஞ்சையிருந்து ஆகாசம் மட்டும்?"

"ஓம் அண்ணை."

"மூடி?"

"மேலை ஒரு தொப்பி வரும். அது மழைக்கும் புறாவுக்கும். காத்துக்கில்லை."

மனுஷன் சோர்ந்துபோனார். ஆனால் கடவுள் யாரையும் முற்றாகக் கைவிடுவதில்லை. குழாயைச் சுற்றியிருக்கும் இடைவெளியைத் தகடு வைத்து அடைக்கவேண்டும் என்று ரதீசன் சொன்னதுதான் தாமதம், "விடும் தம்பி, அது நான்!" என்று தில்லையம்பலம் முழங்காலில் விழுந்தார். நெருப்புத் தாங்கும் சாந்தை விரலால் எடுத்து, தடவி, வழித்து, மறுபடி தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் அடைத்த அழகைப் பார்த்து ரதீசனே அசந்துபோனான். "என்னோடை வேலைக்கு வாறியளோ அண்ணை?" வாழ்க்கையில் முதல்முறையாக, அடைக்கவேண்டிய ஓர் ஓட்டையை அவர் அடைத்திருந்தார்.

பிறகு சோதனை. நெருப்பைத் திரும்பப் பொருத்தி, கதவு யன்னலைச் சாத்தி, கொஞ்ச நேரம் எரியவிட்டு, புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்தி நெருப்பின் மேல்விளிம்பில் பிடித்தான். புகை உள்ளே இழுபட்டு மேலே போகவேண்டும். போகவில்லை. சாவகாசமாக அறைக்குள் வந்து உலாவியது. இன்னொரு குச்சி. அதே கதை. ரதீசன் காஸை நிறுத்தினான்.

"அண்ணை, லேபிளைக் கழட்டேலாது."

நகுலேஸ்வரி எழுந்து சப்பாத்தைத் தேடினார்.

"குழாயிலை பிழையில்லை," என்றான் ரதீசன். "புகை மேலை போறதெண்டா காத்து உள்ளுக்கு வரவேணும். உங்கடை அந்த ஓட்டை எங்கை?"

"இருக்கு."

"அதுதான், எங்கை?"

"இருக்கெண்டு சொன்னனான்தானே!"

ரதீசன் வெளியே போய்ச் சுவரில் காற்றுக்கான சல்லடையைக் கண்டுபிடித்து, யன்னலிலிருந்து அடிக்கணக்கில் அளந்து, உள்ளே வந்து அதே அளவுக்கு நடந்தான். அங்கே முருகன் நின்றார். வள்ளி தெய்வானையோடு, பெரிய சட்டத்துக்குள், பிளாஸ்டிக் மாலையும் குட்டி பல்புமாக, முழங்கால் உயரத்தில். நீங்களே சொல்லுங்கள், முழங்கால் உயரத்தில் எவராவது முருகனை மாட்டுவார்களா? ரதீசன் கையை நீட்டினான்.

"சப்பாத்துக் காலோடை சாமியைத் தொடாதையும்!" என்று பாய்ந்தார் தில்லையம்பலம்.

நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது. பதிவுபெற்றவன்தான், ஆனாலும் தமிழன் அல்லவா?

நகுலேஸ்வரி ஒற்றைக் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து, முருகனைத் தொட்டுக் கும்பிட்டு, தூக்கினார். பின்னால் டேப். டேப்புக்குப் பின்னால் குசினி ஃபொயில். அதற்கும் பின்னால் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்ச் நாலு.

"முருகனையும் கூட்டுச் சேர்த்துப்போட்டியளே!"

எல்லாவற்றையும் பிடுங்கியதும் காற்று சில்லென்று வந்தது. நெருப்பை மூட்டி, கொஞ்சம் பொறுத்து, குச்சியைக் கொளுத்திப் பிடித்தார்கள். புகை வளைந்து, உள்ளே இழுபட்டு, காணாமல் போனது. இன்னொரு குச்சியும் அப்படியே. ரதீசன் லேபிளை உரித்தான். உரித்துக்கொண்டே, போகிற போக்கில், ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, போன மாரி உங்களுக்குத் தலையிடி இருந்ததோ?"

"ஐயோ, ஒவ்வொரு நாள் பின்னேரமும். குளிர் பிடிச்சிட்டுது எண்டு உவர்தான் சொன்னவர். நான் தலையைப் பிடிக்கப் பிடிக்க உவர் ஒவ்வொண்டா அடைச்சுக்கொண்டு வந்தவர்."

"குளிரில்லை அக்கா. வெடிப்புக்காலை கசிஞ்ச நச்சுக் காத்து. நிறமுமில்லை, மணமுமில்லை. வெளியாலை போக வழியில்லாமல் உங்களுக்குள்ளை போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று நிறுத்தி, லேபிளைக் கசக்கிப் பைக்குள் போட்டான். "டொக்டரிட்டையும் ஒருக்கால் சொல்லிவையுங்கோ."

தில்லையம்பலம் கதிரையில் இருந்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. "என்ரை கையாலை..." என்று தொடங்கினார்.

நகுலேஸ்வரி முருகன் படத்தைத் தூக்கி அவரிடம் நீட்டினார். "சரி, சரி. எழும்புங்கோ. முருகனை எங்கை மாட்டுவம் எண்டு சொல்லுங்கோ."

இந்த இனத்தில் கெட்ட மனிதர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. அவ்வளவு பேரும் வீட்டார்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நீங்களும் உங்கள் வீட்டாரில் பாசமுள்ளவர்தானே? ஆனால் அந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். அப்படியென்றால் இந்தப் பக்கத்தை வைத்துவிட்டு எழுந்துபோய், உங்கள் முன்னறையில் கொஞ்சம் தாழ்வாகத் தொங்குகிற அந்தப் படத்தை ஒருக்கால் தூக்கிப் பாருங்கள்.

ஏன், எழும்பவில்லையா? போர்வைக்கு வெளியே குளிருகிறதோ?